படுக்கத் தெரியாத தலையாரி

முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தேன். மாடு முட்டிக் குடல் சரிந்து வந்தவர்கள், சாராயத்தைக் குடித்துவிட்டு வந்து ஊசியைப் பிடுங்கி என் மேலேயே எறிந்தவர்கள், கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு மாரியம்மன் திருவிழா பார்க்கப் போனவர்கள் என்று எத்தனையோ பேரைச் சமாளித்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் என்னை அழ வைத்ததில்லை. என்னை அழ வைத்தவர் குடிக்கவில்லை, திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. யாராவது வந்தால் எழுந்து நிற்பார், அவ்வளவுதான். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு என் பொறுப்பில் இருந்தது. அவர் வல்லத்திராக்கோட்டையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் தலையாரி. கிராமத்துக் கணக்குப்பிள்ளைக்குக் கீழே வேலை. வரி கட்டாதவர்களைக் கூப்பிட்டு வருவது, அதிகாரி வந்தால் ஜீப்புக்கு முன்னால் நடப்பது, எல்லைக்கல்லைத் தேடிக் காட்டுவது, மற்ற நேரமெல்லாம் கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் நிற்பது. சமஸ்தானம் இருந்த காலத்தில் அவருடைய அப்பா பார்த்த வேலை. சமஸ்தானம் போய் சர்க்கார் வந்தபோது ராஜா மாறினார், கொடி மாறியது, இவர் நின்ற இடம் மட்டும் மாறவில்லை. ரிஜிஸ்தரில் பெயர் இருந்தது, ஆனால் வார்டில் எல்லாருக்கும் அவர் தலையாரிதான். எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

வயது ஐம்பது இருக்கும். மீசை முளைப்பதற்கு முன்பே பிடித்த சுருட்டு. அதனால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கிப்போய், இடது கால் சுண்டுவிரல் கறுத்து, பாதம் ஐஸ்கட்டி மாதிரி ஜில்லென்று கிடந்தது. வலியில் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். எங்கள் சர்ஜன் சென்னையில் படித்துவிட்டுப் புதிதாக வந்தவர். வாரம் ஒரு தடவை, தொடை இடுக்கில் ஓடும் பெரிய ரத்தக்குழாய்க்குள் நேராக மருந்தை ஏற்றிப் பார்க்கலாம் என்றார். எட்டு வாரம். குழாய் திறந்துகொண்டால் கால் தப்பும், இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான். கால் போனால் தலையாரி வேலையும் போகும். ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு வரப்பில் தாசில்தாருக்கு முன்னால் நடக்க முடியாது. இது அவருக்குத் தெரியும், அவர் சம்சாரத்துக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

ஊசி போடுவது டாக்டரின் வேலை, ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதை உருவிய பிறகுதான் என் பாடு. சாதாரண ஊசி மாதிரி பஞ்சை வைத்துத் தேய்த்துவிட்டுப் போக முடியாது. நெஞ்சிலிருந்து நேராக அடித்துக்கொண்டு வருகிற ரத்தம் அது. தோலில் தெரிகிற துளையை அழுத்திப் பயனில்லை. ஊசி சாய்வாகப் போவதால், குழாயில் விழுந்த ஓட்டை இரண்டு விரற்கடை மேலே இருக்கும். அங்கேதான் விரல்களை ஊன்ற வேண்டும். லேசாக அழுத்தினால் ரத்தம் உள்ளுக்குள்ளேயே கசிந்து வீங்கும். அழுத்தம் அதிகமானால் ஏற்கனவே பட்டினி கிடக்கும் காலுக்குச் சுத்தமாக ரத்தம் போகாது. ரத்தமும் வரக் கூடாது, விரலுக்கு அடியில் நாடியும் துடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி இருபது நிமிஷம் பிடித்த பிறகு, ஆற்று மணல் நிரப்பிய ஒரு பையை மேலே வைத்துவிட்டு நகரலாம். அதற்கப்புறம் நோயாளி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாக்கப் படுத்திருக்க வேண்டும்.

முதல் நாள் அவர் என்னைத் தொடவே விடவில்லை. துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "பொம்பளப்புள்ள கை வைக்கிற எடமா தாயி இது?" என்றார். அப்படியானால் நீங்களே அழுத்திக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு வேலை மிச்சம் என்றேன். டாக்டர் ஓர் அதட்டுப் போட்ட பிறகுதான் கையை எடுத்தார். எடுத்த கையால் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, வெட்கம் தாங்காமல் தன் ஊர் வயல்களுக்கு எல்லை சொல்ல ஆரம்பித்தார். கோயில் மானியம், வடக்கே ஓடை, தெற்கே வண்டிப்பாதை, அதற்கு மேற்கே கரட்டுப் புஞ்சை என்று இருபது நிமிஷமும் துண்டுக்குள்ளிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. வாராவாரம் இதே கதை. இரண்டு மாதத்தில் அந்த ஊரை நானே அளந்து பட்டா கொடுத்துவிடக்கூடிய நிலைக்கு வந்துவிட்டேன்.

மற்ற எல்லா விஷயத்திலும் சொன்ன பேச்சுக் கேட்கிறவர். சுருட்டைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே மடியிலிருந்த கட்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. அந்த வியாதிக்காரர்கள் கால் போனாலும் சுருட்டை விட மாட்டார்கள் என்று டாக்டரே ஆச்சரியப்பட்டார். கசப்பு மருந்தை முகம் சுளிக்காமல் குடிப்பார். படுத்திருங்கள் என்றால் மட்டும் அவரால் முடியாது.

முதல் தடவை எழுந்தது டாக்டருக்காக. ஊசி போட்டு நாலு மணி நேரம் ஆகியிருந்தது. டாக்டர் வார்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். தொப்பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் மணல் பை தரையில் கிடக்கிறது, தலையாரி கட்டிலுக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்கிறார். தொடை இடுக்கில் கோழிமுட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாகப் படுக்க வைத்து மறுபடி அரைமணி அழுத்தினேன். டாக்டர் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வார்டு முழுவதும் கேட்க என்னைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்தத் திட்டு தாங்காமல், "அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க ஐயா" என்று சொல்லத் தலையாரி மறுபடி எழுந்திருக்கப் பார்த்தார். அன்றைக்குத்தான் துணி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம் கட்டிலைச் சுற்றித் தட்டி வைத்து மறைத்தேன். ஆளைப் பார்த்தால்தானே எழுவார் என்று கணக்குப் போட்டேன். செருப்புச் சத்தம் கேட்டு எழுந்தார். வந்தது சமையல்காரர். அதற்கடுத்த வாரம் போர்வையை நீளமாக மடித்து இடுப்போடு கட்டிலில் கட்டினேன். பக்கத்து வார்டு பெரிய சிஸ்டர் எட்டிப் பார்த்ததும் இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு மட்டும் எழுந்து கும்பிட்டது. கூட்டுகிற அம்மாவுக்குக்கூட எழுந்திருக்கிறாரே என்று அவர் சம்சாரத்திடம் புலம்பினேன். அந்த அம்மாளுக்கும் என்னைப்போலவே பொறுமை போயிருந்தது.

"நீங்க வேற. தாலி கட்டுற நேரத்துல கணக்குப்பிள்ளை வந்தாகன்னு மாலையும் கழுத்துமா மணவறைய விட்டு எந்திரிச்சு நின்னுட்டாக. ஐயரு தாலிய நீட்டிக்கிட்டு இருக்காரு, மாப்பிள்ளையக் காணும். அன்னைக்கே எங்கப்பா கூட்டிட்டுப் போயிருக்கணும் என்னய."

தலையாரி இதைக் கேட்டுக்கொண்டு சிரித்தபடி படுத்திருந்தார். ஏன்தான் இப்படிச் செய்கிறீர்கள், கால் வேண்டாமா உங்களுக்கு என்று கேட்டேன்.

"நானா எந்திரிக்கலை தாயி. அவுகளப் பாத்ததும் முதுகு எந்திரிச்சிருது."

தலையில் அடித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். ஆனால் ஒன்று, இத்தனை கூத்துக்கு நடுவிலும் மருந்து வேலை செய்தது. சுண்டுவிரல் தானாகக் காய்ந்து விழுந்ததோடு கறுப்பு நின்றுவிட்டது. ஆறாவது வாரம் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. என் பாதத்துக்கே உயிர் வந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு. அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை, காட்டினால் நன்றி சொல்வதற்கு எழுந்துவிடுவார்.

எட்டாவது வாரம் டாக்டர், குழாய் எதுவரை திறந்திருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்துவிட வேண்டும் என்றார். அதற்குச் சாயம் ஏற்ற வேண்டும், சாயத்துக்குத் தடித்த ஊசி வேண்டும். மதுரையிலிருந்து வந்த அந்த ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கோணி தைக்கிற ஊசியைவிடக் கொஞ்சம்தான் மெல்லிசு. ஓட்டையும் அதற்குத் தக்கபடி பெரிதாக இருக்கும். காலையில் படம் எடுத்து முடித்து, நாற்பது நிமிஷம் அழுத்திப் பிடித்து, கையை விரல் விரலாக எடுத்து, ரத்தம் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு மணல் பையை வைத்தேன். அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, இன்றைக்கு ராஜாவே வந்தாலும் அசையக் கூடாது, அசைந்தால் கால் மட்டுமல்ல, உயிரே போய்விடும் என்றேன். சரி தாயி, சரி தாயி என்றார்.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பக்கத்துக் கட்டில் பையனைப் பார்க்க ஒரு ராவுத்தர் வந்தார். கீழராஜ வீதியில் துணிக்கடை வைத்திருப்பவர், வெள்ளைச் சட்டை, தொப்பி, நல்ல உயரம். தலையாரி அவரை அதற்கு முன் கண்ணால் கண்டதில்லை. அந்த வெள்ளைச் சட்டைக்கே எழுந்துவிட்டார்.

இந்தத் தடவை வீங்கவில்லை, பீச்சியடித்தது. நான் ஓடிப்போவதற்குள் வேட்டி நனைந்து கட்டிலிலிருந்து சொட்டுகிறது. படுக்க வைத்துத் துளைக்கு மேலே இரண்டு கையையும் ஊன்றினேன். கை வலு போதவில்லை. கட்டிலில் ஏறி ஒரு முழங்காலை அவர் தொடைப் பக்கம் மடித்து வைத்து, என் உடம்புப் பாரத்தையெல்லாம் அந்த இரண்டு விரற்கடை இடத்தில் இறக்கினேன். ராவுத்தர் பாவம், முகம் வெளிறிப்போய், நான் யாரென்றே அவருக்குத் தெரியாதே அம்மா, எனக்காகவா எழுந்தார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன், ஓடினார். டாக்டர் வேறொரு வயிற்று ஆபரேஷனில் இருந்தார். கையை எடுக்காதே, வருகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

ஆக, நான் எடுக்கவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. தலையாரி முகம் மெழுகு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு வயல் எல்லை எதுவும் சொல்லவில்லை. வார்டில் இருந்த இருபது பேரும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கணக்குப்பிள்ளை வந்தார்.

இரண்டு மாதமாக அவர் எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஏதோ கோர்ட்டு வேலையாக டவுனுக்கு வந்தவர், தலையாரி எப்படி இருக்கிறான், வேலைக்கு ஆவானா என்று பார்த்துப்போக வந்திருக்கிறார். கையில் குடை, பையில் நாலு சாத்துக்குடி. கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். அவரைக் கண்டதும் தலையாரியின் உடம்பு முழுவதும் முறுக்கேறியது. என் விரலுக்கு அடியில் நாடி தடதடவென்று அடித்தது. முதுகு படுக்கையை விட்டு எழும்பப் பார்த்தது. நான் இன்னும் குனிந்து அழுத்தினேன்.

"எந்திரிச்சீங்கன்னா செத்துப்போயிருவீங்க. கையை எடுக்க மாட்டேன்."

ஒரு நிமிஷம் அவருக்கும் எனக்கும் மல்லுக்கட்டு. கடைசியில் அவர்தான் தோற்றார். தலையைத் தலையணையில் போட்டு, இரண்டு கையையும் நெற்றிக்கு மேலே குவித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. கணக்குப்பிள்ளை அதைப் பார்த்தார். தலையாரியின் மடியருகே முழங்கால் ஊன்றியிருந்த என்னையும் பார்த்தார். அசையக் கூடாது ஐயா, ரத்தம் நிற்கவில்லை என்று நானே சொன்னேன். சரி என்றார். உட்கார நாற்காலி இல்லை, கொண்டுவர ஆளும் இல்லை. சாத்துக்குடிப் பையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தபோது ரத்தம் நின்றிருந்தது. என் விரல்களை நானே நிமிர்த்த முடியவில்லை, அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். எக்ஸ்ரே படத்தில் குழாய் பாதம் வரை திறந்திருந்தது. கால் தப்பியது. வீட்டுக்குப் போகிற அன்றைக்கு அவர் இரண்டு காலில் நடந்து, வார்டில் ஒவ்வொரு கட்டிலின் முன்பும் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். என் வேலையில் நான் செய்த நல்ல காரியம் இதுதான் என்று அப்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவர் சம்சாரம் வந்து நின்றாள். தலையாரி வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், எழுந்திருக்க இயலாது, நேரில் பார்த்தேன் என்று கணக்குப்பிள்ளை தாலுகா ஆபீசுக்கு எழுதிவிட்டாராம். எனக்குக் கேட்டதும் சிரிப்புத்தான் வந்தது. பார்த்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார், சர்ட்டிபிகேட் காட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, லீவு நாளில் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய், தலையாரியையும் அழைத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போனேன்.

கணக்குப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார், பிறகு பூஜை, பிறகு பலகாரம். எனக்கு வாசலில் ஒரு நாற்காலி போட்டார்கள். தலையாரி என் பக்கத்தில் நின்றார். முக்கால் மணி நேரம் நின்றார். உட்காருங்கள் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. எதிரே புதுத் தலையாரி, இளவட்டம், தூணோரமாக நின்றுகொண்டிருந்தான். ஒருவழியாகக் கணக்குப்பிள்ளை வந்தார். என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். சர்ட்டிபிகேட்டை மேலிருந்து கீழ்வரை படித்து, மடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"டாக்டர் நல்லா எழுதியிருக்காரும்மா."

எனக்கு வந்த கோபத்தில் வார்த்தை தடித்துவிட்டது. காகிதம் எதற்கு, நீங்கள் வருகிற வரைக்கும் முக்கால் மணி நேரமாக இந்த மனிதர் உங்கள் வாசலில் நின்றுகொண்டிருக்கிறார், எழுந்து நிற்க முடியுமா முடியாதா என்று இன்னுமா உங்களுக்குத் தெரியவில்லை என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு நிக்கிறான்மா. அன்னைக்கு நிக்கலையே. வார்டு பூராவும் பாத்துக்கிட்டுல்ல இருந்துச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. ரத்தத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், எல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் என் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "தப்புத்தானுங்க" என்றார் தலையாரி.

பஸ் நிற்கிற புளியமரம் வரைக்கும் விறுவிறுவென்று நடந்தேன். தலையாரி இரண்டடி பின்னால் வந்தார். கால் நன்றாகத்தான் இருந்தது, நொண்டல்கூட இல்லை. மரத்தடியில் நின்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்கு அந்த ஆள் மேல் கோபமே வராதா, தப்பு என்று எதற்காக ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டேன். ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர் மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க கைய எடுத்திருந்தீங்கன்னா எந்திரிச்சிருப்பேன் தாயி."

"எடுத்திருந்தா அங்கயே செத்திருப்பீங்க."

"ஆமா" என்றார்.

என்னைக் குறை சொல்கிற குரல் இல்லை அது. இரண்டில் எது நடந்திருந்தாலும் அவருக்குச் சம்மதம்தான் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அந்த மனிதரைப் பிடித்து ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது. அழுகையும் வந்தது. பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நான் ரத்தத்தை நிறுத்திக் கொடுத்த அந்தக் காலை ஊன்றி, கண்ணுக்கு மறைகிற வரைக்கும் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.